உக்கிராணச் சாவி

மருத்துவமனை என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும்தாம். இவர்கள் எவரும் அதிகம் எட்டிப் பாராத அறை ஒன்றும் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு. நன்கொடையாளர் உறவுப் பிரிவு என்பது அதன் பெயர். அத்தகைய பிரிவு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவர்கள் நாங்கள்.

“ஊரெல்லாம் அலைந்து பணம் கேட்பதுதானே உங்கள் வேலை?” என்று உறவினர்களே எங்களைக் கேட்பதுண்டு. கேட்பவர்கள் வேறு சிலர். கொடை கைமாறிய பிறகே எங்கள் பணி தொடங்குகிறது. வந்ததை ஒப்புக்கொண்டு நன்றி கூற வேண்டும். எந்த நோக்கத்திற்காக வந்தது என்பதை ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைக்க வேண்டும். அந்த நோக்கத்தின்படியே செலவாகிறதா என்று கண்காணிக்க வேண்டும். செலவான விதத்தைக் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்நான்கும் சேர்ந்ததே எங்கள் தொழில்.

இத்தொழிலைச் செய்பவருக்கு விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘உக்கிராணக்காரன்’ என்று பெயர் சூட்டியிருந்தது. இன்று வழக்கொழிந்துவரும் சொல்தான். ஆயினும் எங்களுக்கு மிகவும் பிடித்த சொல். திருமண வீட்டில் அரிசியும் பருப்பும் நெய்யும் அடுக்கிய அறையே உக்கிராணம். அதன் சாவி ஒருவரின் இடுப்பில் தொங்கும். அவர் விருந்து வைப்பவரும் அல்லர். விருந்துண்ண வந்தவரும் அல்லர். அந்த அறையில் உள்ள எதுவும் அவருடையதன்று. ஆனால் ஒவ்வொரு படி அரிசிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். விருந்து சிறந்தால் புகழ் வீட்டாருக்கு. குறைந்தால் பழி அவருக்கு!

இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. கொடுத்தவருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்றி, உண்மையான கணக்கு. அந்தக் கணக்கில் ரூபாயும் காசும் மட்டும் அடங்குவதில்லை. அதைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

கல்லில் எழுதிய கணக்கு

இத்தொழில் மேலைநாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியானது என்று எண்ண வேண்டாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த ஓர் ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. படுக்கைகள் 15 என்று எண்ணிச் சொல்கிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் நோயாளிகளைப் பேணும் பெண்களுக்கும் உரிய ஊதியத்தைக் குறிக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. இன்று நாங்கள் கொடையாளருடன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியுமா என்பது ஐயமே.

கோயில் விளக்குக்கு ஆடு விட்ட செய்தியைப் பல கல்வெட்டுகளில் காணலாம். அணையாது எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பரவலான வழக்கு. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைத்தார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நகைக்க வேண்டாம். ஆடு சாகும்; ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. இறப்பவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, முதல் அப்படியே இருக்க, நெய் மட்டும் விளக்குக்குப் போகும். முதலைத் தொடாமல் வட்டியைச் செலவிடும் வைப்புநிதியின் இலக்கணம் முழுவதும் அந்த இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

எங்களை மேலும் சிந்திக்க வைப்பது அக்கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் வரும் வாசகம். இந்த அறத்தைக் காப்பவரின் பாதத்தைத் தன் தலைமேல் தாங்குவதாகக் கொடுத்தவர் கூறிக்கொள்கிறார். உலக வழக்கில் வாங்குபவர் கொடுப்பவரை வணங்குவார். இங்கோ, கொடுத்தவர் தமக்குப் பின்னால் வரப்போகும் முகமறியாக் காவலரை வணங்குகிறார். தாம் இறந்த பிறகு தம் சொல்லுக்கு உயிர் கொடுக்கப் போகிறவர் அவரே என்பதை அறிந்திருந்தார் போலும். அந்த வணக்கத்திற்கு நாங்கள் தகுதியுடையவர்கள்தாமா என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.

எந்திரமும் தண்ணீரும்

வணிகப் பெருமகனார் ஒருவர் எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் எந்திரங்களை வாங்கித் தந்தார். நல்ல மனிதர்; அவருடைய தந்தையார் சிறுநீரக நோயால் துன்புற்று இறந்தவர். மூன்றாவது எந்திரமும் தருவதாக வாக்களித்திருந்தார். திறப்பு விழாவின்போது ஒரு வேண்டுகோள் வைத்தார். அந்த எந்திரங்களில் சிகிச்சை பெறும் நோயாளிகள் அவருடைய நிறுவனத்தின் பதாகையின்கீழ் அமர வேண்டும். அப்படத்தைத் தம் நிறுவனத்தின் நாட்காட்டியில் அச்சிட வேண்டும் என்றார்.

கையில் ஊசி ஏற்றப்பட்டு நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கும் மனிதரிடம் போய், “உங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவருக்கு எப்படி வரும்? அடுத்த முறை தம்மை விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் உள்ளே இருக்கும்போது, அவர் தலையசைப்பது சம்மதமாகுமா?

இயலாது என்று பணிவுடன் கூறினோம். அவருக்கு வருத்தம். அதற்கு மாறாக ஒரு கணக்கை அனுப்பி வைத்தோம். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் அவருடைய இரத்தத்தைத் தூய்மை செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் தூய்மையாக்கப்பட்ட நீர் வேண்டும். அந்நீரைத் தரும் நிலையம் ஒரு நாள் நின்றால் எல்லா எந்திரங்களும் நின்றுவிடும். எந்திரம் வாங்குவது ஒருநாட் செலவு. நீரும் வடிகட்டியும் டெக்னீஷியனின் ஊதியமும் அன்றாடச் செலவு. எந்திரத்தின் மேல் பெயர் எழுதலாம். தண்ணீரின் மேல் எழுத முடியாது. அதனாலேயே தண்ணீருக்குக் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. இவற்றையெல்லாம் எழுதி, அவருடைய எந்திரங்களில் அதுவரை எத்தனை முறை சிகிச்சை நடந்தது என்பதையும் குறிப்பிட்டோம்.

பதில் வரவில்லை. மூன்றாவது எந்திரமும் வரவில்லை. இதை நாங்கள் இலேசாகச் சொல்லவில்லை. டயாலிசிஸ் பிரிவின் வாசலில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதில் உள்ளவை வெறும் எண்களல்ல, உயிர்கள். எங்கள் மறுப்பின் விலையை எங்களைவிட அவர்களே அதிகமாகச் செலுத்தினார்கள். ஆயினும், மானத்தை விற்றுத்தான் மருந்து வாங்க வேண்டும் என்ற நிலையை ஒரு மருத்துவமனையே உண்டாக்கினால், பிறகு நோயாளி எங்கே போய் மனிதராக நிற்பார்?

பணம் படைத்த அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி எழாமலில்லை. குணமடைந்து நன்றியுடன் செல்லும் நோயாளிகளிடமே நன்கொடை கேட்பது அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகளில் வழக்கம். 2013இல் திருத்தப்பட்ட அந்நாட்டு விதிகளின்படி, எந்தத் துறையில் எந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார் என்ற தகவலைக் கொடை கேட்பதற்குப் பயன்படுத்தலாம். நோய் இன்னதென்று கண்டறிந்த விவரத்தை அவருடைய எழுத்து மூலமான இசைவின்றித் தொடக்கூடாது. இனி என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்ல அவருக்கு வழி வைக்க வேண்டும். கொடுக்க மறுத்ததால் சிகிச்சை குறையவும் கூடாது. நன்றியைக் கறந்து காசாக்கும் ஆசை எந்த நாட்டிலும் எழக்கூடியதே. அதற்கு வேலி வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

வாசலை அகலமாக்கும் நிபந்தனை

அப்படியானால் கொடுப்பவர் நிபந்தனையே விதிக்கக் கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பால்டிமோர் நகரத்து வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873இல் இறந்தபோது, ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவமனையும் அமைக்க 70 இலட்சம் டாலர் விட்டுச் சென்றார். மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிக்குத்தான் பணம் போதவில்லை. அவர் விட்டுச் சென்ற ரயில்வே பங்குகள் வருவாய் தரவில்லை. அப்போது மேரி எலிசபெத் காரெட் என்னும் பெண்மணி தோழியருடன் சேர்ந்து நிதி திரட்டினார். குறைந்ததைத் தம் கையிலிருந்து 3 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நிரப்பினார். ஆனால் ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும், பட்டம் பெற்றவர்களையே மாணவராக ஏற்க வேண்டும் என்று விதித்தார். ஆட்சிக் குழுவினர் தயங்கித் தயங்கியே ஒப்புக்கொண்டனர். 1893இல் கல்லூரி தொடங்கியபோது முதல் வகுப்பில் பெண்கள் மூவர் இருந்தனர்.

நம் வேலூரின் கதையும் ஒரு கொடையில்தான் வேர் கொண்டுள்ளது. மருத்துவப் பட்டம் பெற்று 1900இல் வேலூர் திரும்பிய ஐடா ஸ்கடர், நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தந்த 10,000 டாலருடன் வந்தார். அது அவர் இறந்த தம் மனைவியின் நினைவாகத் தந்த தொகை. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதன் தொடர்ச்சியாகத் தோன்றியது. பெயரைக் கேட்ட கொடைதான். ஆனால் அந்தப் பெயர் யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

ஆகவே எங்களிடம் வரும் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரே ஒரு கேள்வியால் சோதிக்கிறோம். இதனால் வாசல் அகலுகிறதா, குறுகுகிறதா?

குறுகும் வாசலை நம் நாட்டில் விளக்க வேண்டியதில்லை. நன்கொடை என்ற தூய சொல்லே நம்மிடையே கறைபட்டுப் போயிற்று. எங்கள் தொலைபேசியில் ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் ஒலிக்கும் கேள்வி, “சீட்டுக்கு டொனேஷன் எவ்வளவு?” என்பதே. தலைக்கட்டணம் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. கேள்வியோ இன்னும் சாகவில்லை. இடத்தைக் கேட்டுக் கொடுப்பது விலை. எதையும் கேளாமல் கொடுப்பதே கொடை. விலையைக் கொடை என்று எழுதி ரசீது தரும் கை, அதன்பின் உண்மையான கொடைக்குத் தரும் ரசீதையும் யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறது. சேர்க்கைக் காலம் முடியும்வரை, அவ்வாண்டு மாணவரைச் சேர்க்க விண்ணப்பித்த குடும்பங்களிடமிருந்து எந்தத் தொகையும் பெறுவதில்லை என்று எங்கள் பிரிவில் விதி வகுத்துள்ளோம். இதனால் இழந்தது உண்டு. நாங்கள் அனுப்பும் நன்றிக் கடிதத்தைப் படிப்பவர் அதை நம்புகிறாரே, அது நாங்கள் பெற்றது.

பெயர் நிலைப்பதும் நீங்குவதும்

கல்லில் பொறித்த பெயர் நிலைக்கும் என்று எண்ணியே பலர் கொடுக்கின்றனர். காலம் அதற்கும் கணக்குக் கேட்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் மருத்துவக் கல்விக் கட்டடங்களிலிருந்தும் திட்டங்களிலிருந்தும் சாக்லர் என்ற குடும்பப் பெயரை நீக்கியது. அக்குடும்பத்திற்குச் சொந்தமான நிறுவனம் 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வலிநீக்கி மாத்திரைக்கு எண்ணற்றோர் அடிமையாகிப் போயினர். வலியைத் தீர்க்கக் கற்கும் மாணவர்கள், வலியை விதைத்த செல்வத்தின் பெயருக்குக் கீழே நடக்க விரும்பவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2024 பிப்ரவரியில் நடந்தது. நியூயார்க்கின் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் முன்பு பேராசிரியராக இருந்த ரூத் காட்ஸ்மன் என்னும் 93 வயது மூதாட்டி, மறைந்த கணவர் விட்டுச் சென்ற செல்வத்திலிருந்து 100 கோடி டாலரை அக்கல்லூரிக்கு வழங்கினார். மாணவர் எவரும் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பது அதன் பயன். கல்லூரியின் பெயரை மாற்றக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை! பெயர் வேண்டாம் என்று சொன்னவரின் பெயரை உலகமே அறிந்துகொண்டது.

இறந்தவர் சொன்ன சொல்

இனி, எங்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். 1950களின் தொடக்கத்தில் தென்மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் எங்கள் மருத்துவமனையில் ஒரு வைப்புநிதி ஏற்படுத்தியிருந்தார். அதன் வட்டியைக் கொண்டு காசநோயுற்ற ஏழைப் பெண்கள் இருவருக்குப் படுக்கைச் செலவு செய்ய வேண்டும் என்பது பத்திரத்தின் வாசகம். அக்காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். அதற்கு வசதியற்றவர் வீட்டின் பின்கட்டில் கிடந்து மடிய வேண்டும்.

காலம் மாறியது. அந்த மாற்றத்தில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்துண்பவரும் மருத்துவமனையில் கிடப்பவருக்கு ஒப்பாகக் குணமடைகிறார் என்பதை 1959இல் உலகிற்கு எடுத்துக்காட்டியது. படுக்கைகள் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போயின. மருந்தையும் அரசே இலவசமாகத் தருகிறது. இந்த நிதியோ, படுக்கைக்கு மட்டுமே என்று கட்டளை பெற்று, வாய்மூடி வளர்ந்துகொண்டிருந்தது.

வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார்கள் சிலர். மருத்துவமனையில் தேவைக்கா பஞ்சம்? ஆனால் இறந்தவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்பதற்காகவே அவருடைய சொல்லை இருமடங்கு கவனத்துடன் காக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. தேடியலைந்து, அப்பெண்மணியின் பேத்தியைக் கண்டுபிடித்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியை. திண்ணையில் அமரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, பத்திரத்தின் நகலைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“ஆச்சி கட்டிலுக்காகவா கொடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். “ஆச்சியோட அக்காவுக்கு இந்த நோய் வந்துச்சு. பயந்துகிட்டு யாரும் பக்கத்துல போகலை. சோறு தட்டை வாசலோட தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்களாம். பட்டினிதான் அவங்களைக் கொன்னுச்சுன்னு ஆச்சி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

பத்திரத்தில் படுக்கை என்று இருந்தது. அதை எழுதியவரின் நெஞ்சில் இருந்ததோ பசி. இக்காலத்து ஆய்வும் அந்த நெஞ்சின் பக்கமே நிற்கிறது. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கினால், அவர்களிடையே அந்நோய் புதிதாகத் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பேத்தியின் எழுத்து மூலமான இசைவையும் சட்ட ஆலோசகரின் கருத்தையும் இணைத்து, நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றோம். இன்று அந்த வட்டியிலிருந்து, காசநோய்க்கு மருந்துண்ணும் ஏழைப் பெண்களின் வீடுகளுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் செல்கின்றன. ஆண்டுக்கொரு முறை பேத்திக்குக் கணக்கு அனுப்புகிறோம். எத்தனை வீடுகள், எத்தனை கிலோ, எவ்வளவு செலவு, எவ்வளவு இருப்பு என்பவற்றை மட்டும் எழுதுகிறோம். எந்த வீட்டின் பெயரையும் எழுதுவதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

ரசீது என்னும் மரியாதை

பெருங்கொடைகளைப் பற்றியே பேசிவிட்டோம். எங்கள் பதிவேட்டின் பெரும்பகுதியை நிரப்புபவர்கள் எளியவர்கள். பூ விற்கும் அம்மையார் ஒருவர், தம் மகனுக்கு அறுவை சிகிச்சை நடந்த நாளில் ஆண்டுதோறும் 300 ரூபாய் கொண்டுவருவார். வார்டில் இருக்கும் யாருக்காவது பாலும் ரொட்டியும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பார். ரசீது வேண்டாம் என்பார். “ஆண்டவருக்குத் தெரியும், காகிதம் எதுக்கு?” என்பது அவருடைய வாதம். “ஆண்டவருக்குத் தெரியும் அம்மா, தணிக்கையாளருக்குத் தெரிய வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்போம். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார்.

எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய கொடையைக் கொண்டு செல்லும்போது, தூய பவுல் தாம் மட்டும் போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த தோழர்களையும் உடன் அனுப்பினார். இறைவன் முன்னிலையில் மட்டுமன்றி, மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. பூக்கார அம்மையாரின் 300 ரூபாய்க்கும் கோடி கொடுத்தவருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரே அச்சில் ரசீது போகிறது. இருவருடைய கொடையும் ஒரே வகைக் கணக்கேட்டில் ஏறுகிறது. உன் கையிலிருந்து வந்ததும் எண்ணத் தக்கதே என்று எளியவருக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் இளையோரை முதல் வாரத்தில் கடிதம் எழுத உட்கார வைப்பதில்லை. வார்டுகளுக்கும் சமையற்கூடத்திற்கும் டயாலிசிஸ் பிரிவின் தண்ணீர் நிலையத்திற்கும் அனுப்புகிறோம். பழைய பத்திரங்களைப் படிக்கச் சொல்கிறோம். யாருடைய பணம் யாருடைய வயிற்றுக்குப் போகிறது என்று கண்ணால் கண்ட பிறகே பேனாவைத் தொடலாம். ஏனெனில், சாவி ஒருவரின் இடுப்பிலேயே இருந்துவிடப் போவதில்லை. நாளை அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

வாசகர்களாகிய உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கோயிலுக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ நீங்கள் கொடுத்திருப்பீர்கள். கொடுத்ததை மறந்துவிடுவது பண்பு என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். உங்கள் பெருமையை மறந்துவிடுங்கள், நல்லது. உங்கள் நோக்கத்தை மறந்துவிடாதீர்கள். கொடுத்த பணம் கேட்ட நோக்கத்திற்கே செலவாகிறது என்ற உறுதியைப் பெறுவது கொடையாளரின் உரிமை என்று அமெரிக்க அறப்பணி அமைப்புகள் 1993இல் பத்து உரிமைகள் கொண்ட சாசனமாகவே எழுதி வைத்தன. என் பணம் என்ன ஆயிற்று என்று ஒரு முறையேனும் அன்புடன் கேளுங்கள். உங்கள் கேள்விக்கு முகம் சுளிக்காத நிறுவனத்தில் நோயாளியின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.